ஒரே ஆள் எழுந்திருக்கிற பேர்

அந்தக் குடும்பத்தில் ஒரே பேரில் ஐந்து ஆண்கள் இருந்தார்கள். பேர் தாத்தாவுடையது. தாத்தா கண்ணை மூடும்போது "என் பேரு அழியக்கூடாது" என்று சொன்னாராம். அதைத்தான் சொன்னாரா, தண்ணீர் கேட்டாரா, யாருக்குத் தெரியும்? பக்கத்தில் இருந்தது அத்தை ஒருத்திதான். அவள் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து அந்த வீட்டு ஆண்களில் யாருக்கு முதல் பையன் பிறந்தாலும் தாத்தா பேர்தான். பிள்ளை பெறுவது மட்டும்தான் அவரவர் வேலை. பேர் வைக்கிற வேலை எப்போதோ முடிந்துபோனது.

பேர் அழியாமல் இருக்கிறதா என்றால், பேஷாக இருக்கிறது. பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிறது, வங்கியில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் தங்க எழுத்தில் இருக்கிறது. வாயில்தான் இல்லை. ஐந்து பேரும் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேரைச் சொல்லி "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டால் யார் தட்டில் போடுவது? அதனால் ஆளுக்கொரு பட்டப்பேர். முதல் நான்கு பேரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். மூத்தவர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறவர், அவர் பெரியவர். அடுத்தவன் லாரி ஓட்டுகிறான், லாரி என்றே பேராகிவிட்டது. நான்காமவன் வாயைத் திறந்தால் மூடமாட்டான், ஆகவே அவன் மௌனம். ஐந்தாவது, பெரியவரின் மகன், ஜூனியர். நடுவில் மூன்றாவதாக வந்து மாட்டிக்கொண்ட நம்ம ஆள், நடக்கப் பழகிய காலத்தில் காலை அகட்டி அகட்டி வைத்தான். வாத்து ஆகிவிட்டான். இப்போது எல்லாரையும் போல நேராகத்தான் நடக்கிறான். அதற்காக விட்டுவிடுவார்களா என்ன?

நிஜப் பேரைச் சொன்னால் அந்த வீட்டில் திரும்பிப் பார்க்கிறவர் பெரியவர் ஒருவர்தான். முதலில் பிறந்ததால் அது அவருக்கே சொந்தம் என்று ஒரு கணக்கு. மற்ற நான்கு பேரும் அந்தப் பேரை இரவல் சட்டை மாதிரி வைத்திருந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாத்துக்குப் பிழைப்பே பேர் கூப்பிடுவதுதான். ஒரு கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனை அறைக் கதவருகே நின்று, அட்டையைப் பார்த்துப் பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக உள்ளே அனுப்ப வேண்டும். இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். வந்து நின்று பாருங்கள், தெரியும். வந்தவர்களுக்கெல்லாம் கண்ணில் சொட்டு மருந்து விட்டு பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். கூடம் முழுக்கக் கண்ணை மூடிய முகங்கள். காது மட்டும்தான் திறந்திருக்கும். எல்லாரும் வைக்கிற பேராக ஒன்றைக் கூப்பிட்டால் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டே எழுந்து, கையை நீட்டித் துழாவி, ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். "நான்தான் முதல்ல வந்தேன்" என்று சண்டை வேறு. அபூர்வமாக ஒரு பேர் வரும். கூப்பிட்டால் ஒரே ஆள் எழுந்திருப்பார், நேராக நடந்து வருவார். அந்த ஆளைப் பார்த்தால் வாத்துக்குப் பொறாமையாக இருக்கும்.

பெரிய நர்ஸம்மா இந்த விஷயத்தில் கறார். "அட்டையில இருக்கிற பேரை மட்டும் கூப்பிடுங்க. ஐயா, அம்மா, சிவப்புச் சட்டைன்னு கூப்பிட்டீங்கன்னா தப்பான ஆள் உள்ள போயிடும். ரெண்டு பேருக்கு ஒரே பேருன்னா அப்பா பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்க. அப்பவும் தகராறா இருந்தா என்கிட்ட வாங்க" என்பாள். அப்பா பேரையும் சேர்த்த பிறகு இதுவரை யாருக்கும் தகராறு வந்ததில்லை.

இப்படிப் பேரோடு மாரடிக்கிறவனுக்கு அவன் சொந்தப் பேர் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவனுடைய அப்பா வேறொரு ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறலோடு கிடந்தார். வெளியே நடையில் போட்டிருந்த பெஞ்சில் வாத்தும் பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். பகல் நேரம். யாரோ தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டி, கையில் இருந்த அட்டையைப் பார்த்து, அந்தப் பேரைச் சொல்லி, "உள்ள வாங்க" என்றாள். பெரியவர் எழுந்தார். வாத்து என்ன செய்தான் தெரியுமா? முழங்காலை ஒடுக்கி அண்ணனுக்கு வழி விட்டான். பிறந்ததிலிருந்து அந்தப் பேருக்கு வழி விட்டுத்தானே பழக்கம்?

அட்டையில் மகன் என்று எழுதியிருந்தது தன்னைத்தான் என்பது அவன் மண்டையில் ஏறுவதற்குள் நேரம் போய்விட்டது. அவன் ஓடியபோது அப்பாவின் கை பெரியவரின் கைக்குள் இருந்தது, மூச்சு இல்லை. அடக்கம் எல்லாம் முடிந்து ஆறேழு மாதம் வரைக்கும், வேலையில் ஒவ்வொரு பேரைக் கூப்பிடும்போதும் அந்த நடைப் பெஞ்சு கண் முன்னால் வந்து நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெரியவர் மனசு நோகும். அவர் பாவம், கூப்பிட்டார்கள், போனார். மனைவியிடம் மட்டும் ஒருநாள் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான்.

அன்றைக்கு முடிவு செய்ததுதான்: தனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு யாருக்கும் இல்லாத பேர். அட்டையிலும் அதே பேர், வாயிலும் அதே பேர். கூப்பிட்டால் ஒரே ஆள் எழுந்திருக்க வேண்டும்.

அவன் மனைவி ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் க்ரீமால் பேர் எழுதுகிறவள். அவளுக்கும் பேர் என்றால் கைப்பழக்கம்தான். "உங்க தாத்தா பேரை முக்கால் கிலோ கேக்குல எழுத முடியாது. கடைசி எழுத்து டப்பாமேல ஏறிடும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் மாதக்கணக்கில் யோசித்து ஒரு பேரைப் பிடித்தார்கள். சின்னப் பேர், கடைசியில் நீட்டி முடிகிற பேர். அது என்ன பேர் என்று கேட்காதீர்கள். சொல்லிவிட்டால் நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒன்று வந்துவிடும்; அது எப்படிப் பரவுகிற சரக்கு என்று போகப்போகத் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் நோயாளிகள் எல்லாரும் போன பிறகு அவளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னான். நிறைமாதக்காரியைக் கூடத்தின் அந்தக் கோடிப் பெஞ்சில் உட்கார வைத்து, "கண்ணை மூடிக்கோ" என்றான். தன் கதவருகே வந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பேரைக் கூப்பிட்டான். அது காலி பெஞ்சுகளைத் தாண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

"எப்படி?"

"அலுங்காம காதுல வந்து உட்கார்ந்துச்சு" என்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உள்ள இருக்கிறவருக்கும் கேட்டிருச்சு போல. ஒரு உதை விட்டாரு" என்றாள். வாத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வாட்ச்மேன் வந்து "யாரைக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பையன்தான் பிறந்தான். பேரைச் சொன்னதும் குடும்பம் திரண்டு வந்துவிட்டது. குழந்தையைப் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு பேர் வரவில்லை. கூடத்தில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் அத்தை உட்கார்ந்தாள். வாத்துக்கு அம்மா இல்லை. தூக்கி வளர்த்தவள் அத்தைதான். அதனால் திட்டுகிற பாத்தியதையும் முழுசாக அவளுக்கே.

"என்னடா பேரு இது? கொசு மருந்துக்கு வைக்கிற பேரு மாதிரி இருக்கு!"

"டயர்ல பார்த்திருக்கேன் அத்தை இந்தப் பேரை" என்றான் லாரி.

"நான் எதுவும் பேசமாட்டேன்" என்று மௌனம் ஆரம்பித்தான். "நான் பேசவே வரல. ஆனா பேருங்கிறது என்ன? மூணு விஷயம் இருக்கு..." மூன்றில் முதல் விஷயம் முடிவதற்குள் குழந்தை விழித்து அழுதது.

"வாயில நுழையலடா!" என்று அத்தை அந்தப் பேரைச் சொன்னாள். "இதைப் போய் எப்படிக் கூப்பிடுறது?" என்று மறுபடியும் சொன்னாள். "நாளைக்கு நாலு பேரு கேட்டா சிரிக்கமாட்டாங்க?" என்று இன்னும் இரண்டு தரம் சொன்னாள். வாயில் நுழையாத பேர் அவள் வாயிலிருந்து தடுக்காமல் வந்து விழுந்துகொண்டே இருந்தது.

"எனக்குப் பிடிச்சிருக்கு அத்தை" என்றான் வாத்து.

"பிடிச்சிருந்தா ஒரு பூனை வாங்கி அதுக்கு வை."

"பூனை பொறக்கலையே அத்தை, புள்ளைதானே பொறந்திருக்கு" என்றாள் மனைவி, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

அத்தைக்கு இது போதாதா? முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். தான் ஊட்டி வளர்த்தது, தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் போனது, வாத்தின் அப்பாவுக்குச் செய்து கொடுத்த சத்தியம் எல்லாம் வெளியே வந்தன. தாத்தாவும் நடுவில் வந்து தண்ணீர் கேட்காமல் பேரையே கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் பெரியவர் கையை உயர்த்தினார். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் எடுபடும். "ஏன் இவ்வளவு கலாட்டா? அட்டையில தாத்தா பேரு இருக்கட்டும். வீட்டுல நீ ஆசைப்பட்ட பேரைக் கூப்பிட்டுக்கோ. ரெண்டு பேருக்கும் குறை இல்ல."

நியாயமான பேச்சு. அத்தைகூட மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்படி வேணும்னா இருக்கட்டும்" என்றாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வாத்தின் தலையும் பழக்கதோஷத்தில் பாதி ஆடிவிட்டது. பாதியில் நின்றது.

"வேண்டாம்ணே" என்றான். "அட்டையில ஒரு பேரு, வாயில ஒரு பேரு. எனக்கு அப்படித்தானே இருந்துச்சு? அதனாலதானே அன்னைக்கு அப்பா கூப்பிட்டப்போ நீங்க எந்திரிச்சுப் போனீங்க, நான் காலை ஒடுக்கி வழி விட்டேன்?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. மௌனமே மௌனமாகிவிட்டான். பெரியவர் கட்டைவிரல் நகத்தில் காய்ந்திருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டினார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார். குழந்தையைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"வச்சுக்கடா. உன் புள்ள" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகு பேர் நின்றது. அத்தை வாசலில் நின்று ஒரு சபதம் போட்டாள்: "செத்தாலும் அந்தப் பேரை என் வாயால சொல்லமாட்டேன்!"

சபதம் அன்று சாயங்காலம் வரைக்கும் தாங்கியது. பக்கத்து வீட்டுக்காரி எதிரே வந்தாள். "எங்க வாத்து என்ன பேரு வச்சிருக்கான் தெரியுமா?" என்று அத்தை ஆரம்பித்தாள். சொன்னால்தானே அவளும் சேர்ந்து திட்டுவாள்? சொன்னாள். மளிகைக்கடையில் சொன்னாள், பஸ்ஸில் முன் சீட்டுக்காரியிடம் சொன்னாள், தூரத்துச் சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். லாரி போகிற வழியெல்லாம் டீக்கடைகளில் சொல்லிச் சிரித்தான். மௌனத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு வருஷத்தில் அந்தப் பேர் அந்தக் குடும்பத்தில் புழங்கிய அளவுக்குத் தாத்தா பேர் ஒரு நாளும் புழங்கியதில்லை. திட்டித் திட்டியே நாக்குக்குப் பழகிவிட்டது.

வாத்து இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் தன் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தான்: பையனைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பட்டு, குட்டி, ராஜா எதுவும் கூடாது.

"கண்ணுன்னு கூடச் சொல்லக்கூடாதா?" என்றாள் மனைவி.

"சொல்லு. முதல்ல பேரைச் சொல்லிட்டு அப்புறம் சொல்லு."

"நல்லவேளை, எனக்கு ஒரு புருஷன்தான்" என்றாள் அவள். ஆனாலும் அப்படியே கூப்பிட்டாள். பையன் தவழும் வயதில் அந்தப் பேரைக் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பான். அதைப் பார்ப்பதற்காகவே வாத்து சும்மா சும்மா கூப்பிடுவான்.

பையனுக்கு ஒரு வயது நெருங்கும்போது லாரி இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றான். இரண்டு பெண்களுக்குப் பிறகு அவனுக்கும் ஒரு பையன்.

"பேரும் முடிவு பண்ணியாச்சு" என்று சொன்னான். சொன்ன பேரைக் கேட்டு வாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டேய், அது என் பையன் பேருடா!"

"ஆமா. நல்லா இருக்குல்ல?"

"நீதானேடா டயர் பேருன்னு சொன்ன?"

"டயர் இல்லாம லாரி ஓடுமா?" என்று சொல்லி அவனே சிரித்தான். "ஒரு வருஷமா அதையே சொல்லிட்டு இருக்கோமா, இப்ப புள்ளையைப் பார்த்ததும் வேற எதுவும் வாயில வரலடா."

தாத்தா பேர் என்ன ஆயிற்று என்று வாத்து அத்தையிடம் ஓடினான். தன்னால் முடியாததை அவளாவது செய்வாள் என்று ஒரு நப்பாசை. அத்தை நிதானமாக, "அப்பா பேருதான் அஞ்சு பேருக்கு இருக்கே, அது போதும்டா" என்றாள். "இது நல்ல ராசியான பேரு. நீ வச்சதும் பாரு, அவனுக்குச் சொந்த லாரி வந்துச்சு, எனக்கு முட்டிவலி குறைஞ்சிருக்கு. நம்ம குடும்பப் பேரை வெளியில விடலாமா?"

நம்ம குடும்பப் பேர்! வாத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். கொசு மருந்து எப்போது குடும்பச் சொத்தானது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அடுத்ததாக மௌனத்துக்குப் பையன் பிறந்தான். அதே பேர், கூடவே ஒரு மணி நேர விளக்கம். அதற்கடுத்து பெரியவரின் மகளுக்குப் பிறந்தான். பெரியவர் நேரில் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "பொண்ணு ஆசைப்படுது. வேண்டாம்னா சொல்லிடு" என்றார். அவரிடம் எப்படி வேண்டாம் என்பது? நான்கு வீடும் அடுத்தடுத்த தெருக்களில்தான். வாத்து வாசலில் நின்று பையனைக் கூப்பிட்டால் விளையாடிக்கொண்டிருக்கிற நண்டு சிண்டுகளில் இரண்டு மூன்று ஓடி வரும். "நீ இல்லடா, நீ இல்லடா" என்று திருப்பி அனுப்புவான். இரண்டொரு தரம் அவசரத்தில் சொந்தப் பிள்ளையையே திருப்பி அனுப்பிவிட்டான். பிள்ளைகளும் விவரமானவர்கள். அந்தப் பேர் கேட்டால் பெரும்பாலும் வேறு யாரையோ என்று புரிந்துகொண்டு விளையாட்டைத் தொடர்ந்தார்கள்.

பிறகென்ன, பட்டப்பேர்தான். லாரியின் பையன் வாத்தின் பையனை உரித்து வைத்தாற்போல இருந்ததால் ஜெராக்ஸ். மௌனத்தின் பையன் குட்டி. பெரியவர் பேரன் புதுசு. முதலில் வந்தவனுக்கு என்ன என்று யோசிக்கவே இல்லை, அத்தையே சொல்லிவிட்டாள்: "இவன்தானே ஒரிஜினல்!"

ஒரிஜினல் நிலைத்துவிட்டது. பேக்கரியில் இருந்து வந்ததும் மனைவியே, "ஒரிஜினல் பால் குடிச்சானா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பையனின் பிறந்தநாள் கேக்கில் மட்டும் நிஜப் பேரை எழுதினாள். ஜெராக்ஸ் அதைப் பார்த்துவிட்டு, தன் கேக் என்று அடம் பிடித்தான். வாத்து ஒருவன் மட்டும் ஒற்றைக்காலில் நின்றான். செத்தாலும் ஒரிஜினல் என்று கூப்பிடமாட்டான். நிஜப் பேரைக் கூப்பிட்டால் பிரயோஜனம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு மிஞ்சியது 'டேய்' ஒன்றுதான். யாருக்கும் இல்லாத பேரைத் தேடிப் பிடித்த மனுஷன், ஊரில் எல்லா அப்பனும் கூப்பிடுகிற மாதிரி, சொந்தப் பிள்ளையை டேய் டேய் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குக் கண் பரிசோதனைச் சீட்டு கேட்டார்கள். ஒரிஜினலையும் ஜெராக்ஸையும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள், லாரி வெளியூர் போயிருந்தான். பெரியவருக்கும் கண்ணில் புரை பார்க்க வேண்டியிருந்ததால், இரண்டு பிள்ளைகளையும் அவரே கையில் பிடித்துக்கொண்டு வாத்தின் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூன்று பேரும் கோடிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெரியவருக்குச் சொட்டு மருந்து விட்டாயிற்று, கண்ணை மூடி அண்ணாந்திருந்தார். பிள்ளைகள் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாத்துக்கு உள்ளூர ஒரு படபடப்பு. பையன் பேரைத் தன் வாயால், இந்தக் கதவிலிருந்து, முறையாகக் கூப்பிடப்போகிறான். மனைவி அந்தப் பெஞ்சில்தானே அன்றைக்கு உட்கார்ந்திருந்தாள்? அட்டை கைக்கு வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டான். பேர் காலிக் கூடத்தில் போனது போலவே நிறைந்த கூடத்திலும் ஜோராகப் போனது.

ஜெராக்ஸ் குதித்து இறங்கினான். அவன் வெளியே வரும் வழியில் ஒரிஜினலின் கால்கள் இருந்தன. ஒரிஜினல் முழங்காலை ஒடுக்கி வழி விட்டான்.

அதே பெஞ்சு மாதிரி ஒரு பெஞ்சு, அதே முழங்கால். வாத்து எதற்காக இவ்வளவு பாடுபட்டானோ அது அவன் கண் முன்னாலேயே திரும்பவும் நடந்தது, இந்த முறை கூப்பிட்டவனும் அவனே.

"நீ இல்லடா" என்று ஜெராக்ஸைத் திருப்பி அனுப்பினான். முறைப்படி அப்பா பேரையும் சேர்த்துக் கூப்பிடலாம் என்று அட்டையைப் பார்த்தான். அப்பா பேர் என்ற இடத்தில் தாத்தா பேர் இருந்தது. ஜெராக்ஸின் அட்டையை எடுத்துப் பார்த்தான். அதிலும் அதேதான். லாரிக்கும் அதுதானே பேர்! ஆனாலும் வேலை பார்க்கிற வாய், சேர்த்தே கூப்பிட்டது. போகிற வழியில் நின்ற ஜெராக்ஸ் திரும்பி, "நான்தான் சித்தப்பா அது!" என்று காலை உதைத்தான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. உள்ளேயிருந்து, "என்னங்க, அடுத்த ஆளு?" என்று சத்தம் வந்தது.

வாத்து பெஞ்சுக்கே நடந்து போனான். பையன் முன்னால் குனிந்தான்.

"உன்னைத்தானே கூப்பிட்டேன்? ஏன் வழி விட்ட?"

"அது அவன் பேருப்பா."

"அப்போ உன் பேரு என்ன?"

"ஒரிஜினல்" என்றான் பையன். இதுகூடத் தெரியாதா என்பது போல அப்பாவைப் பார்த்தான்.

பெஞ்சின் ஓரத்தில் பெரியவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எப்பவோ சொல்லியிருக்கணும்" என்றார். கண்ணை மூடியிருந்தது அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அன்னைக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது நர்ஸுடா. அட்டையைப் பார்த்துக் கூப்பிட்டா. நான் உள்ள போனப்போ சித்தப்பா என்னைப் பார்த்துட்டு, 'வாத்து எங்கடா?'ன்னுதான் கேட்டாரு. இதோ வர்றான் சித்தப்பான்னு கையைப் பிடிச்சேன். கதவுப் பக்கமே பார்த்துட்டு இருந்தாரு. அவ்வளவுதான்."

வாத்து நிமிர்ந்தான்.

"ஏன்ணே அப்பவே சொல்லல?"

"அந்தப் பேருனால அப்பாவைத் தவறவிட்டேன்னு நீ நினைச்சுட்டு இருந்த. உன் புள்ளைக்கு நீ ஆசையா ஒரு பேரு எடுத்துட்டு வந்து நிக்கிற. அப்ப போய், உங்கப்பா உன்னை வாத்துன்னுதான் கேட்டாருன்னு எப்படிடா சொல்றது?"

பெரியவரின் மூடிய கண்ணிலிருந்து வழிந்தது. மருந்தாகவும் இருக்கலாம். வாத்தின் கண்ணில் யாரும் மருந்து விடவில்லை. அவன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த அப்பா அவன் பேரை ஒரு நாளும் சொன்னதில்லை, வாத்து வாத்து என்று கூப்பிட்டே தீர்த்துவிட்டுப் போனார்.

உள்ளேயிருந்து மறுபடி சத்தம் வந்தது. பெரிய நர்ஸம்மாவும் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். வாத்து தன் கதவருகே திரும்பிப் போய் நின்றான். அட்டையைப் பார்த்தான், பிறகு அதைப் பையில் வைத்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அட்டையில் இல்லாத ஒரு பேரை, கூடத்தின் கோடி வரைக்கும் கேட்கிற குரலில் கூப்பிட்டான்.

"ஒரிஜினல்!"

கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். எழுந்து ஓடி வந்தது ஒரே ஆள்.